மனித உடலில் என்னென்ன தனிமங்கள், எவ்வளவு இருக்கின்றன?

70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், ஆக்சிஜன் மட்டுமே சுமார் 45 கிலோ. கார்பன் 13, ஹைட்ரஜன் 7, நைட்ரஜன் 2 கிலோ. எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் இந்த நான்கிலேயே முடிந்துவிடுகிறது. எடையை விட்டுவிட்டு அணுக்களை எண்ணினால் ஹைட்ரஜனுக்குத்தான் முதலிடம். லேசான அணு, ஆனால் நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு.

மிச்சத்தில் கால்சியம் சுமார் 1 கிலோ, பாஸ்பரஸ் 700 கிராம், பொட்டாசியமும் கந்தகமும் தலா 140 கிராம், சோடியம் 100 கிராம், குளோரின் அதைவிடக் கொஞ்சம் குறைவு, மெக்னீசியம் 25 கிராம். இரும்பு 4 கிராம்தான். அயோடின் 15 முதல் 20 மில்லிகிராம்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பெரிய உதவி. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக் குழம்புவது இது தெரியாததால்தான்.

கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டிவிடும். எனவே ரத்தக் கால்சியம் சரியாக இருப்பதை வைத்து எலும்பு வலுவாக இருப்பதாக முடிவு கட்டாதீர்கள். அதற்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டும்.

பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான் இருக்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மூடி மூடித் திறந்தாலும், குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலும், உள்ளே இருப்பது கசிந்து அளவு பொய்யாக ஏறிவிடும். எதிர்பாராமல் 6 என்று வந்தால், 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன) என்று குறிப்பு இருக்கிறதா எனப் பாருங்கள். ஆனால் பொய்யென்று நீங்களாக ஒதுக்கிவிட வேண்டாம். உண்மையிலேயே ஏறியிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. அன்றே மருத்துவரிடம் காட்டி, மறுபடி ரத்தம் கொடுங்கள்.

இரும்பில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. பற்றாக்குறை வந்தால் முதலில் கரைவது சேமிப்பு, ஹீமோகுளோபின் குறைவது பிறகுதான். அதனால் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது பார்க்காதீர்கள், அப்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். இரும்பு மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனுடனும் சேர்க்காமல், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.