பல் இம்பிளான்ட்டில் பூச்சு இருந்தால் கிருமி ஒட்டாது என்கிறார்களே, உண்மையா?

இம்பிளான்ட் (இல்லாத பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைக்கப் போகிறீர்கள், தங்க நிறப் பூச்சு உள்ளதை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிருமி ஒட்டுவது குறையலாம். ஒட்டவே ஒட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதுகலையில் என் ஆய்வே இதுதான். டைட்டானியம் வில்லைகளில் பாதிக்கு டைட்டானியம் நைட்ரைடு (அந்தத் தங்க நிறப் பூச்சு இதுதான்) பூசி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வாய்க் கிருமி வளர்த்த திரவத்தில் ஊறவைத்து, ஒட்டியதை எண்ண வேண்டும். பூசிய வில்லைகளில் கிருமி தெளிவாகவே குறைவு. எல்லோருக்கும் சந்தோஷம். வில்லைகளை முதலில் உமிழ்நீரில் நனைத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். வாய்க்குள் எந்த உலோகம் போனாலும் சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதங்கள் அதன்மேல் படலமாகப் படிந்துவிடும். கிருமி பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்தப் படலத்தைத்தான். நனைத்துச் செய்தபோது, பூசியதற்கும் பூசாததற்கும் இருந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சோதனையைச் செய்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

உடனே "அப்படியென்றால் பூச்சே வீணா?" என்று சண்டைக்கு வராதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. நைட்ரைடு பூச்சு கடினமானது, எளிதில் கீறல் விழாது. கீறல் விழுந்த இடம்தான் கிருமிக்கு வசதி. மேற்பரப்பின் சொரசொரப்பு சராசரியாக 0.2 மைக்ரோமீட்டருக்கு மேல் போனால் கிருமிப் படிவு கூடும், அதற்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் பெரிய லாபம் இல்லை என்பது 1990களிலேயே தெரிந்த விஷயம். ஆனால் இந்த வழவழப்பு ஈறைத் தொடும் பகுதிக்கு மட்டும்தான். எலும்புக்குள் இருக்கும் பகுதி சொரசொரப்பாக இருந்தால்தான் எலும்பு நன்றாகப் பிடிக்கும். வெள்ளிப் பூச்சு கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் வெள்ளி கசிந்து தீர்ந்துபோகும், அளவு மிஞ்சினால் நம் செல்களையும் பாதிக்கும்.

பூச்சைப் பற்றி விசாரிப்பதோடு, பிற்பாடு சுத்தம் செய்ய என்ன கருவி வைத்திருக்கிறார்கள் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரண எஃகுக் கருவி டைட்டானியத்தைக் கீறிவிடும்.

அப்புறம், அந்த உமிழ்நீர்ச் சோதனை இதழுக்குப் போன கட்டுரையில் இடம்பெறவில்லை. "வித்தியாசம் இல்லாததை யார் படிப்பார்கள்?" என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணையாக மட்டும் இருக்கிறது. அடுத்து வரும் மாணவர் கண்ணில் அது படப்போவதில்லை, அவரும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.