உறைந்த கரு இருக்கட்டும், தொட்டியில் என்ன போடுகிறீர்கள்?

கேள்வி: செங்குன்றம் பக்கத்தில் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜெர்சி கலப்பு, நேரத்துக்கு ஒன்பது லிட்டர் கறந்த மாடு. ஐந்து ஈத்து ஆகிவிட்டது. கன்று போட்டு ஏழு மாதம் ஆகியும், மூன்று சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. பருவத்துக்கு வரும்போது கோழை கொஞ்சம் கலங்கலாக வருகிறது. ஓட்டல் சோறும் கோயம்பேட்டுக் காய்கறிக் கழிவும்தான் முக்கியத் தீவனம். இந்த மாட்டிலிருந்து கருவை எடுத்து உறையவைத்து மற்ற மாடுகளுக்கு வைத்தால் எல்லாமே கிடேரிதான் (பெண் கன்று), ரூ.40,000 ஆகும் என்கிறார் ஒரு ஏஜென்ட். உறையவைத்த கருவில் கன்று ஊனமாகப் பிறக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் வேண்டாம் அம்மா. உறைந்த கருவிலிருந்து முதல் கன்று 1973-லேயே இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பிறந்துவிட்டது. (அதைச் செய்த இயான் வில்மட்தான் பிற்பாடு டாலி ஆட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.) ஏழு நாள் கருவை மெதுவாகக் குளிரவைத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். அதைத் தாங்காத கரு சினையே பிடிக்காது. உறையவைத்ததாலேயே கன்று ஊனமாவதில்லை. ஆய்வகத்தில் கருத்தரிக்க வைத்து வளர்த்த கருவென்றால் மட்டும், சில சமயம் கன்று பெருத்துப்போய் ஈனுவதற்குச் சிரமப்படும்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கோழை கண்ணாடி மாதிரித் தெளிவாக வர வேண்டும். கலங்கினால் கருப்பையில் அழற்சி இருக்கலாம் என்று அர்த்தம். அந்த மாட்டுக்குச் சினை ஊசி போட்டு, கருப்பையிலிருந்து கருவைக் கழுவி எடுத்தால் தேறுவது குறைவு. சினைமுட்டையை நேராகச் சூலகத்திலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்து வெளியில் கருத்தரிக்க வைக்கும் முறை இதற்கு ஒத்துவரலாம்; அதற்கு ஸ்கேனும் ஆய்வகமும் வேண்டும். உங்கள் ஏஜென்ட்டிடம் இருப்பது பைக்கும் ஒரு கேனும்தானே?

‘எல்லாமே கிடேரி’ என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாலினம் பிரித்த விந்திலேயே பத்தில் ஒன்று காளையாகிவிடும். பிறக்கிற கிடேரியும் தாயின் நகல் இல்லை, பாதி காளையின் சரக்கு. எந்தக் காளை என்று கேட்டீர்களா? கருவை அடைத்துவைக்கும் மெல்லிய குழாயில் தாய் மாட்டு எண்ணும் காளை எண்ணும் உறையவைத்த தேதியும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் விற்பது கருவா வெறும் தண்ணீரா என்று அவருக்கே தெரியாது. ‘இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது’ என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது தீவனத்துக்கு வருகிறேன். கருவைச் சுமக்கப் போகிற மற்ற ஐந்து மாடுகளும் அதே சோற்றைத்தானே தின்கின்றன? சென்னையைச் சுற்றி ஊசி நிற்காத மாடு என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தொட்டியைத்தான். வெந்த சோறு முதல் வயிற்றில் மளமளவென்று புளித்து அமிலமாகிறது. அசைபோடுவது குறைகிறது, சாணம் இளகுகிறது, குளம்பு நோகிறது. பால் கொஞ்ச நாள் ஏறி அப்புறம் சரிகிறது, பருவமும் தாறுமாறாகிறது. முட்டைக்கோஸ் இலை பெரும்பாலும் தண்ணீர். வயிறு நிறையும், சத்து நிறையாது. சோற்றைப் போட்டுவிட்டுச் சமையல் சோடாவால் சமாளிக்கலாம் என்பவர்கள் உண்டு. அது மாட்டுக்கு வைத்தியமில்லை, சோறு விற்பவருக்கு வியாபாரம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஆறு வயிற்றைக் குப்பைத்தொட்டி ஆக்காதீர்கள். கோபப்பட்டால் பட்டுக்கொள்ளுங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

சோற்றை ஒரேநாளில் நிறுத்தாமல், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். பக்கத்தில் அரை ஏக்கர் கிடைத்தால் கம்பு நேப்பியர் தீவனப்புல் நடலாம், வேலி ஓரத்தில் அகத்தி. வைக்கோல் எப்போதும் முன்னால் கிடக்கட்டும். தாது உப்புக் கலவை மாட்டுக்குத் தினம் 50 கிராம்; பால் வற்றிய மாட்டுக்கும் நிறுத்த வேண்டாம்.

கையோடு ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு மாடும் பருவத்துக்கு வந்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. கரு வைப்பதும் இந்தக் கணக்கில்தான்: சுமக்கிற மாடு பருவத்துக்கு வந்த ஏழாம் நாள், ஒருநாள் முன்பின், அதுவும் சினைமுட்டை வெளிவந்த பக்கத்துக் கருப்பைக் கொம்பில். தேதி தெரியாத மாட்டில் கருவை வைப்பது பணத்தைக் கூவத்தில் போடுவதுதான். எல்லாம் சரியாக நடந்தாலும் உறைந்த கருவில் பாதிக்குப் பாதி நின்றால் நல்ல பலன்.

முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் உங்கள் பகுதி மருத்துவரை வரவழையுங்கள். கருப்பையைப் பரிசோதித்து, கோழையை ஆய்வுக்கு அனுப்பி, அதில் தெரிகிற கிருமிக்கு ஏற்ற மருந்தைப் போடச் சொல்லுங்கள். கண்மூடித்தனமாக இன்னொரு சினை ஊசி வேண்டாம். கோழை தெளிந்த பிறகு, அடுத்தடுத்து இரண்டு பருவம் 21 நாள் கணக்கில் வருகிறதா பாருங்கள். வந்தால் சாதாரண சினை ஊசியிலேயே நிற்க வாய்ப்பிருக்கிறது. ஏஜென்ட்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.