பிடித்தவர் பதில் சொல்ல வேண்டும்

கேள்வி: அந்நிய மண்ணைப் பிடித்துக்கொண்ட படைக்குச் சர்வதேசச் சட்டம் கடமைகளை வகுத்துக் கொடுப்பது, அந்த ஆக்கிரமிப்புக்கே ஒப்புதல் தருவது ஆகாதா?

பதில்: ஆகாது. படையெடுத்தது நியாயமா என்பது ஒரு வழக்கு; படை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு அங்குள்ள மக்களுக்கு யார் பொறுப்பு என்பது முற்றிலும் வேறு வழக்கு. தரைப்போருக்கான நெறிகளை வகுத்த 1907ஆம் ஆண்டு ஹேக் விதிமுறைகளின் 42ஆவது பிரிவு, நிலம் உண்மையிலேயே எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டதா என்று மட்டுமே பார்க்கிறது. வந்தவர் தம்மை மீட்பர் என்று அழைத்துக்கொண்டாலும், எதிர்ப்பே இல்லாமல் நுழைந்திருந்தாலும் பொறுப்பு மாறுவதில்லை.

இறையாண்மை அவருக்குக் கைமாறுவதும் இல்லை. ஏற்கெனவே உள்ள சட்டங்களை, அறவே இயலாத நிலை தவிர, அவர் மதித்தாக வேண்டும். அரசுக்குச் சொந்தமான காடுகளிலும் நிலங்களிலும் அவருக்கு இருப்பது வெறும் அனுபவ பாத்தியதை; விளைச்சலை எடுக்கலாம், மூலத்தைக் கரைக்கக் கூடாது. சொந்தக் குடிமக்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதை போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை 49ஆவது பிரிவில் தடுக்கிறது. இத்தனையும் ஒப்புதல் முத்திரை என்றால், இவ்வளவு முள் வைத்த முத்திரையை யாரும் விரும்பிக் கேட்கமாட்டார்கள். தாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல என்று அரசுகள் சாதிப்பதும் அதனால்தான்.

உணவு விஷயத்தில் சட்டம் இன்னும் கறாரானது. தன் வசமுள்ள வழிகள் அனைத்தையும் கொண்டு மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது ஆக்கிரமித்தவரின் கடமை. உள்ளூரில் போதாவிட்டால் வெளியிலிருந்து தருவிக்க வேண்டும். அப்போதும் போதவில்லை என்றால், நிவாரணம் வருவதற்கு அவர் சம்மதித்தே ஆக வேண்டும். அந்த நிவாரணம் வந்து சேர்ந்தாலும் அவருடைய சொந்தப் பொறுப்பு எள்ளளவும் குறையாது என்று அதே ஜெனீவா உடன்படிக்கையின் 60ஆவது பிரிவு தனியே எழுதி வைத்திருக்கிறது. பிறர் அனுப்பிய மாவு மூட்டைகளுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் தளபதிகள் இந்தப் பிரிவைப் படித்ததாகத் தெரியவில்லை.

உள்ளூர் ஆட்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒதுங்குவதும் பலிக்காது. தன் படை நுழைந்திருந்த காங்கோ ஜனநாயகக் குடியரசின் இதுரி பகுதி, உள்ளூர்க் கிளர்ச்சிக் குழுக்களின் நிர்வாகத்தில்தான் இருந்தது என்று உகாண்டா வாதிட்டது. அங்கே புதிய மாகாணம் ஒன்றை உருவாக்கி அதற்கு ஆளுநரை நியமித்தவரே உகாண்டாவின் தளபதி என்பதைச் சுட்டிக்காட்டிய சர்வதேச நீதிமன்றம், இதுரியை ஆக்கிரமித்திருந்த நாடு உகாண்டாவே என்று 2005இல் தீர்மானித்தது. தன் படையினரின் செயல்களுக்கு மட்டுமின்றி, அங்கே மற்ற ஆயுதக் குழுக்கள் செய்த அத்துமீறல்களைத் தடுக்காமல் விட்டதற்கும் அந்நாடே பொறுப்பு என்றது. இழப்பீடாக 32.5 கோடி டாலர் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது 2022இல்தான். உங்கள் கோபம் இந்த 16 ஆண்டுத் தாமதத்தின் மீது திரும்பியிருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன்.