கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? ஃபோர் வீல் டிரைவ் கேள்வி-பதில்

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறேன். மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஒரே வரியில் சொல்லவும்.

பதில்: மணல், சேறு, டிரெய்லர் என்றால் ஆட்டோமேட்டிக், ஆளில்லாத காட்டில் ஒற்றை வண்டியாகப் போய் பழுதையும் நீங்களே பார்ப்பீர்கள் என்றால் மேனுவல். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தால் இதில் பாதி வரியே போதும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக்கில் செங்குத்தான இறக்கத்தில் இன்ஜின் பிரேக் (இன்ஜினே வண்டியைப் பிடித்து மெதுவாக்குவது) கிடைக்காது என்கிறார்களே?

பதில்: பழைய நாலு கியர் பெட்டிகளை ஓட்டியவர்கள் சொன்னது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் கியர், லோ ரேஞ்ச் (தனி லீவரில் போடும், வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை), ஆக்ஸில் மூன்றின் ரேஷியோவையும் பெருக்கிப் பாருங்கள், எண் பெரிதானால் பிடிப்பும் அதிகம். இன்றைய ஜிம்னியில் மேனுவலுக்கு 36 வருகிறது, நாலு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 25தான். இங்கே மேனுவல் இறக்கத்தில் நன்றாகவே பிடிக்கும். ராங்லர் ரூபிக்கானில் மேனுவல் 84, எட்டு கியர் ஆட்டோமேட்டிக் 77. அங்கே வித்தியாசம் பேருக்குத்தான்.

ஒன்று மட்டும் உண்மை. ஊர்கிற வேகத்தில் டார்க் கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் இடத்தில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் பாகம்) லாக் ஆகியிருக்காது, உள்ளே கொஞ்சம் வழுக்கும். அதனால் அவ்வப்போது பிரேக்கை லேசாகத் தொட வேண்டியிருக்கும். லோ ரேஞ்சில் போட்டுவிட்டு கியர் லீவரை 'டி'யில் (டிரைவ்) விட்டால் பெட்டி தானாக மேல் கியருக்குத் தாவும். முதல் கியரில் பிடித்து வையுங்கள். இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் பட்டனை நம்பி நீண்ட இறக்கம் முழுவதும் இறங்காதீர்கள். அது பிடிப்பது பிரேக்கைத்தான், இன்ஜினை அல்ல, டிஸ்க் சூடாகும். மேனுவல்காரர்களுக்கு: இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் வண்டி உங்கள் கையில் இல்லை.

கேள்வி: மணலில் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி புதைந்து நின்றுவிடுகிறது.

பதில்: கிளட்ச் மிதிக்கும் அந்த ஒரு நொடியில் மணல் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆட்டோமேட்டிக்கில் இழுவை அறுபடாது என்பதால் மணலில் அதற்கே முதலிடம். மேனுவலில் லோ ரேஞ்ச் இரண்டு அல்லது மூன்றில் கிளம்பி, முடிந்தவரை அதே கியரிலேயே போங்கள். அதற்கு முன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். 35-ல் வைத்துக்கொண்டு கியர் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: முப்பதாயிரம் கிலோமீட்டருக்குள் இரண்டாவது கிளட்ச் போய்விட்டது. படகு டிரெய்லரை மேட்டில் ரிவர்ஸ் எடுப்பேன், அவ்வளவுதான். கம்பெனி கிளட்சே மட்டம். ஆட்டோமேட்டிக்குக்கு மாறினால் தீருமா?

பதில்: இந்தக் கடிதம் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறது. யாருமே லோ ரேஞ்ச் என்ற வார்த்தையை எழுதுவதில்லை. பணம் கொடுத்து வாங்கிய லீவர் வண்டி விற்கும் நாள் வரை புதுசாகவே இருக்கிறது!

கணக்கைப் பாருங்கள். முதல் கியர் 4, ஆக்ஸில் 4, ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் சுழற்சி) 800 ஆர்பிஎம் என்று வைத்தால், ஹை ரேஞ்சில் (சாதாரணமாக ஓட்டும் நிலை) கிளட்சை முழுக்க விட்ட நிலையில் வண்டியின் குறைந்தபட்ச வேகம் சுமார் 7 கிலோமீட்டர். ரிவர்ஸ் கியரும் ஏறக்குறைய அதே அளவுதான். டிரெய்லரை மேட்டில் பின்னுக்குத் தள்ள உங்களுக்கு வேண்டியது 2, 3 கிலோமீட்டர் வேகம். மிச்ச வித்தியாசத்தை யார் சாப்பிடுகிறார்கள்? கிளட்ச் பிளேட். பாதி மிதித்தபடி, புகை வரும்வரை. 2.5 ரேஷியோ உள்ள லோ ரேஞ்சில் போட்டால் அதே ஐடிலில் 3 கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிடும். கிளட்சை முழுக்க விட்டுவிட்டுக் காலைத் தரையில் வைக்கலாம். வழுக்கலும் இல்லை, சூடும் இல்லை.

'தார்ச் சாலையில் லோ ரேஞ்ச் போட்டால் டிரான்ஸ்மிஷன் முறுக்கிக்கொள்ளாதா?' என்பீர்கள். பார்ட் டைம் வண்டியில் (ஃபோர் வீல் போட்டால் முன், பின் ஆக்ஸில்கள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வகை), பிடிப்புள்ள தரையில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் முறுக்கும். நேராகப் பத்து, இருபது மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு கையால் பூட்டும் ஹப் இருந்தால் இன்னும் நல்லது: ஹப்பைத் திறந்தே விட்டு லோ ரேஞ்ச் போடுங்கள், பின் சக்கரம் மட்டும் இழுக்கும், முறுக்கலுக்கே இடமில்லை. ஆனால் மொத்த இழுவையும் பின் ஆக்ஸிலுக்கே போகும். ஆக்ஸிலரேட்டரில் மென்மை வேண்டும்.

ஆட்டோமேட்டிக்குக்கு மாறினால் தீருமா என்றால், இதே பழக்கத்தோடு போனால் பிளேட்டுக்குப் பதில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி) எண்ணெய் வேகும். 80-லிருந்து 95 டிகிரி இயல்பு. 120-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் 1200, 1500 ஆர்பிஎம் வைத்தால் எண்ணெய் கூலர் வழியாக ஓடி ஆறும். எந்தப் பெட்டியானாலும் லோ ரேஞ்ச்தான் மருந்து.

இப்போது பெட்டியை இறக்கும்போது பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் மாற்றுங்கள். கிராங்க் பின் ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு ஃப்ளைவீல்) என்றால் ஆட்டம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை வெந்த ஃப்ளைவீல் மூன்றாவது பிளேட்டையும் சாப்பிட்டுவிடும்.

கேள்வி: லோ ரேஞ்ச் லீவர் விழ மறுக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி.

பதில்: முழுதாக நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்து, கியரை 'என்'னில் (நியூட்ரல்) போட்டுவிட்டு லோ ரேஞ்ச் லீவரைத் தள்ளுங்கள். அப்படியும் விழாவிட்டால் வண்டியை ஒரு மீட்டர் உருளவிட்டுத் திரும்ப முயலுங்கள். பல்லுக்குப் பல் முட்டிக்கொண்டிருக்கும். 'டி'யில் வைத்துக்கொண்டு இழுத்தால் வராது.

கேள்வி: ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் எந்த வண்டி பாதுகாப்பு?

பதில்: முறை தெரிந்தால் இரண்டும். மேனுவலில்: கால் பிரேக், பிறகு ஹேண்ட்பிரேக். கிளட்சை மிதித்து லோ ரேஞ்ச் ரிவர்ஸில் போட்டு, கிளட்சை முழுக்க விடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். ஹேண்ட்பிரேக்கை எடுத்து, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தியபடி சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்துக்கொண்டே கீழே இறங்கும். கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாத வண்டியில், பிரேக்கை அழுத்திப் பிடித்து ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸில் கிளட்சை முழுக்க விட்ட பிறகே பிரேக்கை விட வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி 'பி'யிலோ (பார்க்) 'என்'னிலோ ஸ்டார்ட் செய்து, 'ஆர்' (ரிவர்ஸ்) போட்டு இறங்குங்கள். இன்ஜின் நின்ற வண்டியில் பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் சக்தி மிச்சமிருக்கும். மிதித்த காலை எடுக்காதீர்கள். விட்டுவிட்டு மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். ஏற்றத்தில் வண்டியைத் திருப்பப் பார்ப்பவர்கள்தான் புரள்கிறார்கள்.

கேள்வி: ஆற்றைக் கடக்க?

பதில்: மேனுவல்: லோ ரேஞ்ச் இரண்டாம் கியர், நீருக்குள் கிளட்சைத் தொடவே கூடாது. மிதித்தால் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே தண்ணீரும் வண்டலும் புகும். ஆட்டோமேட்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை. கியரை மட்டும் பிடித்து வையுங்கள். இரண்டுக்குமே பிரீதர் குழாய்களை (கியர் பெட்டி, ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் குழாய்கள்) மேலே நீட்டியிருக்க வேண்டும். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே உறிஞ்சும். கடந்தபின் ஏடிஎஃப் வெளிறிய இளஞ்சிவப்பில் பால் மாதிரி கலங்கியிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கிளட்ச் ஒட்டுகள் உரிந்துவிடும்.

கேள்வி: கியர் பெட்டி எண்ணெய் 'ஆயுளுக்கும் போதும்' என்று கையேட்டில் இருக்கிறதே?

பதில்: யாருடைய ஆயுளுக்கு என்று எழுதியிருக்கிறதா? சேறு, மணல், டிரெய்லர் என்றால் 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். வடித்தால் பாதிதான் வெளியே வரும், மிச்சம் கன்வெர்ட்டரில் நிற்கும். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் அளவு பார்க்க எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 40, 50 டிகிரியில், இருக்க வேண்டும். கையேட்டில் சொன்ன ரகத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: சரிவில் 'பி'யில் நிறுத்தியும் வண்டி உருண்டுவிட்டது. எப்படி?

பதில்: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பெட்டிக்கும் ஆக்ஸில்களுக்கும் நடுவே உள்ள, லோ ரேஞ்ச் லீவர் மாற்றும் பெட்டி) நியூட்ரலில் இருந்திருக்கும். 'பி' பூட்டுவது கியர் பெட்டியை மட்டுமே; ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. முதலில் ஹேண்ட்பிரேக், அது தாங்குகிறதா என்று பார்த்த பிறகு 'பி'. மேனுவலில் முதல் கியரில் விட்டுப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

கேள்வி: பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: மேனுவலில் இரண்டாம் கியரில் முடியும், இன்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும் அளவு மின்சாரம் மிச்சமிருந்தால். ஆட்டோமேட்டிக்கில் முடியாது. அதைச் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் வேண்டாம்: இன்ஜின் ஓடாமல் எண்ணெய் பம்ப் ஓடாது.

கேள்வி: ஏஎம்டியும் (ஆட்டோமேட்டட் மேனுவல்) ஆட்டோமேட்டிக்தானே?

பதில்: பெடல்தான் இல்லை. உள்ளே இருப்பது அதே கிளட்ச் பிளேட், மிதிப்பது மட்டும் மோட்டார். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதே புகைதான்.

கேள்வி: என் வண்டி ஜெர்க் அடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: என்ன வண்டி, எந்தப் பெட்டி, எத்தனை கிலோமீட்டர், எந்தக் கியரில், சூட்டிலா குளிரிலா என்று எழுதுங்கள்.