மகள் ஜுஜுட்சு கற்கிறாள், கம்பெனிகள் கிட் கேட்கின்றனவே?

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கும் மகள், கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ‘கிட்’ என்ற மென்பொருள் கருவியை ஓரங்கட்டிவிட்டு ‘ஜுஜுட்சு’ என்ற இன்னொரு கருவியில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறாள், அடுத்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூ வருகிறதே என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ‘கிட் இனிமேல் செல்லாது, எங்களிடம் புது கோர்ஸ் இருக்கிறது’ என்று ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்களாம். முதலில் அதை முடித்துவிடுவோம். அது வியாபாரப் பேச்சு, பணம் கட்டாதீர்கள். ஜுஜுட்சு இலவசம், அதன் பயிற்சிப் பாடமும் இணையத்தில் இலவசம்.

நீங்கள் இந்தத் துறை இல்லை என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். பல பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதும்போது, எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்ற மொத்த வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பிரதியாக இருக்கும். கிட் செய்வது அதைத்தான். லினக்ஸ் இயங்குதளக் குழு அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதேபோன்ற கருவியின் இலவச அனுமதி நின்றுபோனதால், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதத் தொடங்கினார். அதே மாதம் மெர்க்குரியல் என்று இன்னொன்றும் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ்கூட அதில்தான் பல வருடம் ஓடியது. ஆனாலும் சந்தை கிட் பக்கம் சாய்ந்துவிட்டது; நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் பிட்பக்கெட் தளம் 2020இல் மெர்க்குரியலைக் கைவிட்டது. நல்ல கருவி ஒன்று புதிதாக வந்தால் பழையது மறுநாளே காணாமல் போகும் என்று நினைக்க வேண்டாம்.

ஜுஜுட்சு அப்படிப் போட்டிக்கு வந்ததும் இல்லை. கூகுள் பொறியாளர் மார்ட்டின் ஃபான் ஸ்வைக்பெர்க் 2019 கடைசியில் சொந்த ஆர்வத்தில் ஆரம்பித்தது. பின்னால் அதுவே கூகுளில் அவருடைய வேலையானது. உங்கள் மகளுக்குச் சாதகமான விஷயம் என்னவென்றால், இது கிட்டின் சேமிப்பின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யும். அவள் ஜுஜுட்சுவில் செய்ததை நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்கு அனுப்பினால், கூடப் படிக்கும் மற்றவர்களுக்கு அது வழக்கமான கிட் ‘கமிட்’டாகத்தான், அதாவது வரலாற்றில் பதிவான ஒரு மாற்றமாகத்தான், தெரியும். பழைய புராஜெக்ட் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். நாளைக்கே வேண்டாமென்று கிட்டுக்குத் திரும்பினாலும் எல்லாம் அப்படியே இருக்கும்.

அவளுக்கு அதில் என்ன பிடித்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கிட்டில் ‘ரீபேஸ்’ செய்யும்போது, அதாவது தன் மாற்றங்களை எடுத்து மற்றவர்களின் புதிய மாற்றங்களுக்கு மேல் அடுக்கும்போது, இரண்டு பேரின் மாற்றங்கள் மோதினால், வேலை பாதியில் நின்றுவிடும். சரிசெய்தால்தான் மேலே போகலாம். ஜுஜுட்சு அந்த மோதலையும் கமிட்டுக்குள் பதிவுசெய்துவிட்டு மேலே போக விடும், அப்புறம் பொறுமையாகத் தீர்க்கலாம். தப்பாக ஏதாவது செய்துவிட்டால் ‘ஜேஜே அன்டூ’ என்று கட்டளை அடித்தால் போதும் (ஜேஜே என்பது ஜுஜுட்சுவின் சுருக்கம்), முந்தைய நிலை திரும்பிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குப் புராஜெக்ட்டைக் கலைத்துவிட்டு அழும் மாணவர்களைப் பார்த்தவன் என்ற முறையில், இது ஒன்றுக்காகவே எனக்கு அந்தக் கருவி மேல் மரியாதை உண்டு.

இனி மகளிடம் சொல்ல வேண்டியவை. எந்த ஃபைலைக் கமிட்டில் சேர்க்க வேண்டும் என்று கிட்டில் முதலில் சொல்வோமே, அந்த ‘ஆட்’ செய்யும் படியே ஜுஜுட்சுவில் கிடையாது. ஃபோல்டரில் புதிதாக வைக்கும் ஃபைல் தானாகவே கமிட்டுக்குள் போய்விடும். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (இணையச் சேவைகளுக்கான ரகசியக் குறி) இருக்கும் ஃபைலை கவனிக்காமல் விட்டால் அதுவும் சேர்ந்து கிட்ஹப்புக்குப் போய்விடும். எந்தப் புராஜெக்ட் ஃபோல்டரை (ரெப்போ) தொடங்கினாலும், சேர்க்கக் கூடாத ஃபைல்களைப் பட்டியலிடும் கிட்இக்னோர் ஃபைலை முதலில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, அதே ஃபோல்டரில் கிட்டைத் திறந்தால் ‘டிடாச்டு ஹெட்’ (எந்தக் கிளையிலும் இல்லை) என்று காட்டும். அது ஜுஜுட்சுவில் இயல்பு. ஆனால் புராஜெக்ட் கைடு அதைப் பார்த்தால் திடுக்கிடுவார், முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஒரு புராஜெக்ட்டுக்குள் இன்னொன்றை வைக்கும் கிட்டின் சப்மாட்யூல் வசதியை நம்பியிருக்கும் புராஜெக்ட் என்றால் இப்போதைக்கு ஜுஜுட்சு வேண்டாம்.

உங்கள் கவலையில் நியாயம் இருக்கும் இடம் இன்டர்வியூதான். ‘ஸ்டேஜிங் ஏரியா எதற்கு? ரீசெட்டுக்கும் ரிவெர்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?’ என்று அங்கே கேட்பார்கள். கமிட் செய்வதற்கு முன் ‘ஆட்’ செய்த மாற்றங்கள் காத்திருக்கும் இடமான ஸ்டேஜிங் ஏரியா என்பதே ஜுஜுட்சுவில் இல்லை. அதை மட்டும் பழகியவள் அந்த இடத்தில் முழிப்பாள், கேட்பவரும் ‘அடிப்படையே தெரியவில்லை’ என்று குறித்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அலுவலகத்தின் தானியங்கிச் சோதனைகள், சக ஊழியர்களின் பேச்சு எல்லாம் கிட் மொழியில்தான் இருக்கும். அதனால் சொந்த வேலைக்கு ஜுஜுட்சு, குழுவாகச் செய்யும் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வெறும் கிட் என்று பிரித்துக்கொள்ளட்டும். இரண்டிலும் ஒரே ரீபேஸைச் செய்து பார்த்தவளுக்கு, இன்டர்வியூவில் மற்றவர்களைவிட ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல இருக்கும்.

ரெஸ்யூமில் கிட் முதலில் வர வேண்டும், ஜுஜுட்சு அதற்குப் பக்கத்தில் வந்தால் போதும். ஹெச்.ஆர். தேடுவது கிட் என்ற சொல்லைத்தான். ஜுஜுட்சுவின் மூலநிரல் கிட்ஹப்பிலேயே திறந்து கிடக்கிறது, ரஸ்ட் மொழியில் எழுதியது. ரஸ்ட் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதன் ஆவணங்களில் தனக்குப் புரியாமல் போன ஒரு பத்தியைத் திருத்தி அனுப்பட்டும். ஏற்றுக்கொண்டால் அந்த இணைப்பையும் ரெஸ்யூமில் போடலாம். பயிற்சி மையத்தின் சான்றிதழைவிட அதற்கு மதிப்பு அதிகம்.