20 டாலரில் 100 பிள்ளைகளுக்கு ஹாலோவீன் மிட்டாய் முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்கு எச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. வாடகை, கார் தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் அவர் ஒருவர் சம்பளத்தில்தான். போன ஹாலோவீனுக்கு, அதாவது பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் அக்டோபர் 31 இரவுக்கு, மிட்டாய் வாங்காமல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். வெளியே சத்தம் கேட்கும்போதெல்லாம் என் 5 வயது மகள் ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்து, "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்மா யாரும் வரல" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வருஷம் கதவைத் திறந்தே ஆக வேண்டும். எங்கள் வரிசைக்கு 100 பிள்ளைகளாவது வருவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்னால் ஒதுக்க முடிந்தது 20 டாலர். போதுமா? கடலை மிட்டாய் நானே செய்து கொடுத்தால் இன்னும் மலிவாக முடியுமே, அது சரிவருமா?

பதில்: போதும் சகோதரி. ஆனால் கண்ணில் பட்ட பெரிய பையைத் தூக்கி வண்டியில் போட்டால் போதாது, வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

முதலில் கடலை மிட்டாய். அது வேண்டாம். உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் இந்த ஊரில் பிள்ளைகள் வீடு திரும்பியதும் பல பெற்றோர் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள், கம்பெனி உறை பிரியாமல் இல்லாத எதையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதிலும் வேர்க்கடலை, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. பாகு பதம் பார்த்து, கை சுடச் சுட உருட்டியது குப்பைக்குப் போக வேண்டாம். அந்த அக்காவுக்குச் செய்து கொடுங்கள், சந்தோஷப்படுவார்.

இப்போது 20 டாலர். நியூ ஜெர்சியில் பெரும்பாலான மளிகைச் சாமான்களுக்கு விற்பனை வரி கிடையாது, மிட்டாய்க்கு உண்டு, 6.625 சதவீதம். ஆகவே அலமாரி விலையில் நீங்கள் வாங்கக்கூடியது 18.75 டாலருக்குத்தான். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது: மாவு சேர்ந்த பண்டம் இந்த மாநில வரிக் கணக்கில் ‘மிட்டாய்’ ஆகாது. கிட்கேட், ட்விக்ஸ் இரண்டின் உள்ளேயும் இருப்பது கோதுமை மாவில் செய்த பிஸ்கட்தான், ட்விஸ்லர்ஸிலும் மாவு உண்டு. இவற்றைத் தனிப் பையாக வாங்கினால் வரி இல்லை. சின்னத் தொகைதான், ஆனால் 20 டாலரில் ஒரு டாலர் மிஞ்சினால் பத்துப் பிள்ளைக்கு ஆகுமே.

18.75 டாலரை 100 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 18 சென்ட் சொச்சம். கடைக்குள் நுழையும்போது இந்த 18 சென்ட் மனதில் இருக்கட்டும், பை பெரிதா சிறிதா, தள்ளுபடிச் சீட்டு மஞ்சளா சிவப்பா என்பதெல்லாம் அப்புறம்.

எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அலமாரி லேபிளில் விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பவுண்டு என்ன விலை என்று போட்டிருப்பார்கள். அரிசி பருப்புக்கு அதைப் பார்த்து வாங்குவது மிகச் சரி. ஹாலோவீனுக்கு அது உதவாது, ஏனென்றால் நீங்கள் எடை போட்டுக் கொடுக்கப் போவதில்லை, எண்ணிக் கொடுக்கப் போகிறீர்கள். ஃபன் சைஸ் என்னும் குட்டி அளவு ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் ஒன்று சுமார் 17 கிராம், ஒரு பவுண்டில் 26 அல்லது 27 நிற்கும். ஸ்மார்ட்டீஸ், அதாவது கண்ணாடித் தாளில் இரண்டு பக்கமும் முறுக்கி 15 வில்லைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, நம் நியூ ஜெர்சி யூனியன் ஊர்க் கம்பெனியின் சரக்கு, அது ஒரு சுருள் 7 கிராம்தான். ஒரு பவுண்டில் 64 சுருள் வரும். பவுண்டு விலை ஒன்றாகவே இருந்தாலும் ஒன்று 26 பிள்ளைக்கு, இன்னொன்று 64 பிள்ளைக்கு. ஆகவே போனில் கால்குலேட்டரைத் திறந்து, பையின் விலையை உள்ளே இருக்கும் எண்ணிக்கையால் வகுங்கள். எண்ணிக்கை போடாத பையை நான் வாங்குவதே இல்லை.

எண்ணிக்கை போட்டிருந்தாலும் பையைத் திருப்பிப் பாருங்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய கடையில் 150 என்று கொட்டை எழுத்தில் போட்ட கலவைப் பை வாங்கினேன். முன்பக்கம் முழுக்க சாக்லேட் படம். வீட்டில் வந்து மேஜையில் கொட்டி மகளும் நானும் எண்ணினால் சாக்லேட் 40 கூட இல்லை, மீதியெல்லாம் சுண்டுவிரல் நுனி அளவு சவ்வு மிட்டாய். பின்பக்கம் எறும்பு எழுத்தில் அதை ஒழுங்காகத்தான் அச்சிட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை என்றாலும் அந்த முன்பக்கப் படம் செய்தது அநியாயம் என்றே இன்றும் சொல்வேன்.

சாக்லேட் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. அங்கே மழை தப்பியும் செடி நோய் பரவியும் விளைச்சல் விழ, 2024 டிசம்பரில் ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தாண்டியது. அப்புறம் இறங்கியது. ஆனால் கடை அலமாரியில் விலை ஏறும் வேகம் இறங்கும்போது இருப்பதில்லை, ஊரில் தக்காளி வாங்கிய நமக்கு இது புதிதில்லை. சர்க்கரை மிட்டாய்க்கு இந்தக் கோகோ தொல்லை இல்லை, உங்கள் கணக்கு தேறுவதும் அதனால்தான்.

நான் சொல்லும் வழி இது. சாக்லேட் ஒன்று 20 சென்ட், டம் டம்ஸ் மாதிரி குட்டி லாலிபாப்போ ஸ்மார்ட்டீஸோ ஒன்று 5 சென்ட் விழுகிறது என்று வையுங்கள். சாக்லேட் 50 வாங்கினால் 10 டாலர், மற்றது 150 வாங்கினால் 7.50. வரியோடு 18.66 டாலர். வரும் முதல் 50 பிள்ளைகளுக்கு ஒரு சாக்லேட்டும் ஒரு லாலிபாப்பும், அடுத்த 50 பேருக்கு லாலிபாப்பும் ஸ்மார்ட்டீஸுமாக இரண்டு. 100 பேருக்கும் கைக்கு இரண்டு. நேரத்தோடு வருவது பெரும்பாலும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரும் பொடிசுகள், அவர்களுக்கு மெல்லும் சாக்லேட் போவதும் நல்லதுதான், கெட்டி மிட்டாய் தொண்டையில் சிக்கும் வயது அது, ஆகவே லாலிபாப்பை அம்மா கையில் கொடுங்கள். கடலை உள்ள சாக்லேட்டைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், அல்லது வாங்காமலே விடுங்கள்.

கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், பத்தே பேரில் காலியாகிவிடும். உங்கள் மகளை முக்காலியில் உட்கார வைத்து அவள் கையால் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, அப்பாவோடு அவளும் பையை எடுத்துக்கொண்டு நாலு வீடு போகட்டும். எல்லாம் தீர்ந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்தால் அடுத்த வீடு என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போன வருஷம் உங்கள் கதவை யாரும் தட்டாததும் அதனால்தான், மகளிடம் சொல்லுங்கள்.

வாங்கும் இடம்: ஆல்டி, வால்மார்ட் இரண்டையும் பாருங்கள். காஸ்ட்கோவில் விலை நன்றாக இருக்கும், ஆனால் 65 டாலர் வருஷச் சந்தா கட்டி 20 டாலர் மிட்டாய் வாங்குவது சரியில்லை. அந்த அக்காவிடம் கார்டு இருந்தால் ஒரு பெரிய பையை இரண்டு வீடாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். மலிவான பைகள்தான் முதலில் தீரும்.

ஒரு சின்ன சமாச்சாரம். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் வந்தன. எங்கள் வாசலில் கோலம் போட்டிருந்தேன். டைனோசர் வேஷம் போட்ட ஒரு பொடியன் கோலம் அழியாமல் தன் வாலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றி வந்து நின்றான், வாங்கிக்கொள்ளக் கை இல்லாமல் வாயைத் திறந்தான். வாசல் அலங்காரத்துக்குக் கோலமாவு போதும், தனியே எதுவும் வாங்க வேண்டாம். அகல் மட்டும் பேட்டரி விளக்காக இருக்கட்டும், அந்த வேஷத் துணிகள் தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கேள்வி: நாங்கள் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம், சுத்த சைவம். அமெரிக்காவில் உள்ள அண்ணா "ஸ்மார்ட்டீஸ் வாங்கு, மலிவு" என்றார். இங்கே அந்தப் பெயரில் கிடைப்பது சாக்லேட், மலிவாகவும் இல்லை. மிஞ்சுவதை எங்கள் பிள்ளைகள்தான் சாப்பிடுவார்கள், எது பாதுகாப்பு?

பதில்: அண்ணா சொன்னது சரி, பெயர்தான் குழப்பம். கனடாவில் ஸ்மார்ட்டீஸ் என்றால் நெஸ்லேயின் வண்ணச் சாக்லேட். அமெரிக்க ஸ்மார்ட்டீஸ் உங்கள் ஊரில் ராக்கெட்ஸ் என்ற பெயரில் விற்கிறது, ஒன்டாரியோவின் நியூமார்க்கெட்டிலேயே அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. அதில் ஜெலட்டின் இல்லை, தாராளமாக வாங்கலாம். கம்மி வகைகள், மார்ஷ்மெல்லோ இவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. ஸ்கிட்டில்ஸில் இல்லை. அதே மாதிரி பழச்சுவை மிட்டாய்தான் என்றாலும், அமெரிக்கச் சரக்கான ஸ்டார்பர்ஸ்டில் உண்டு. உங்களுக்கு மிட்டாய் மேல் 13 சதவீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி விழும், அதைக் கழித்துவிட்டு பட்ஜெட் போடுங்கள்.

கேள்வி: நவம்பர் 1-ஆம் தேதி பாதி விலைக்குத் தருகிறார்களே, அதை வாங்கி அடுத்த வருஷத்துக்கு வைக்கலாமா?

பதில்: கெட்டி மிட்டாய், லாலிபாப் என்றால் வைக்கலாம். உறையில் உள்ள தேதி அடுத்த அக்டோபரைத் தாண்டுகிறதா என்று பார்த்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்பங்கரை வெப்பம் படாத இடத்தில் வையுங்கள். சாக்லேட் வேண்டாம். கோடை வெயிலில் இளகி மறுபடி இறுகி மேலே வெள்ளை பூத்துவிடும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் இன்னொருவர் பிள்ளைக்கு அப்படிக் கொடுக்க மனசு வராது. தீபாவளி நவம்பரில் வரும் வருஷமானால் மட்டும் அந்தப் பாதி விலைச் சாக்லேட்டை வாங்குங்கள், பேய் படம் போட்ட உறை இல்லாத பையாகப் பார்த்து.