சிமென்ட் பட்ட முழங்கால் கருத்துவிட்டது: களிம்பு போதுமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். மூன்று நாளுக்கு முன் தரைக்குக் கான்கிரீட் போட்டபோது வெகுநேரம் மண்டியிட்டு மட்டம் பார்த்திருக்கிறார். அப்போது வலி இல்லை. ராத்திரி எரிச்சல், மறுநாள் கொப்புளம். மெடிக்கலில் தந்த களிம்பு போடுகிறோம். இப்போது இரண்டு முழங்காலும் கருத்துவிட்டன. தொட்டால் உணர்ச்சி இல்லை. "சுண்ணாம்பு சுட்டதுதான், ஒரு வாரத்தில் உரிந்துவிடும்" என்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது?
- வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: கருத்து உணர்ச்சியற்றுப் போன தோல் தானாகச் சரியாகாது. இன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சென்னை பக்கமென்றால் கீழ்ப்பாக்கத்தில் தீக்காயத்துக்கென்றே தனி வார்டு இருக்கிறது. செத்த தோலை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். வலி குறைந்திருப்பதை நல்ல அறிகுறி என்று நினைக்காதீர்கள், நரம்பு முனை வரை வெந்திருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டி.டி. ஊசி போட்டார்களா என்று நீங்களே கேளுங்கள்.

ஈரச் சிமென்ட் கலவை கடுமையான காரம், அதாவது சுண்ணாம்பைப் போல அமிலத்துக்கு நேர் எதிரானது. தீ சுட்டால் உடனே கையை இழுத்துக்கொள்வோம். காரம் அப்படி வலிக்காது. தோலின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே இறங்கும். நனைந்த பேன்ட் அதை முழங்காலோடு ஒட்டவைத்தே வைத்திருக்கும். வேலை முடிந்து குளிக்கும்போதுதான் தெரியவரும்.

அந்தக் களிம்பை நிறுத்துங்கள். எதைக் காட்டினாலும் ஸ்டீராய்டு கலந்த ஒரே டியூபை எடுத்து நீட்டும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அது சிவப்பைக் குறைத்துக் காட்டும், சீழ் பிடிப்பதை மறைக்கும். தோலில் பூசும் ஸ்டீராய்டை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே விதி வந்துவிட்டது. யார் கேட்கிறார்கள்? பேஸ்ட், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். காரத்துக்குப் புளிப்பு மாற்று என்று எலுமிச்சை பிழிவதும் கூடாது.

மருந்தைவிட முக்கியமான ஒன்று: "வீட்டில் வெந்நீர் கொட்டியது என்று சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ வருவார். ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் கட்டு முடிந்ததும் அவர் போன் எடுக்கமாட்டார். "வேலை செய்த இடத்தில் சிமென்ட் பட்டது" என்று இடம், தேதி, நேரத்தோடு மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதவைத்து அதன் நகல் கேளுங்கள். "சிமென்ட்டுக்கெல்லாம் எதற்கு ஏ.ஆர்." என்று அலைக்கழிப்பார்கள், வாங்காமல் நகராதீர்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. கட்டட வேலையையே தொழிலாக நடத்தும் நிறுவனம் மேஸ்திரி மூலம் ஆள் எடுத்திருந்தாலும், அந்த நிறுவனத்திடமே கேட்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வாசலில் நின்று "பணம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்பவர் வாரியத்து ஆள் இல்லை.

இனி எப்போது ஈரக் கலவை பட்டாலும், நனைந்த துணியை உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வழவழப்பு போகவில்லையென்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: மூட்டை உடைந்து காய்ந்த தூள் கொட்டினால் எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தூள் தோலின் மேலேயே கலவையாகிவிடும். முதலில் காய்ந்த துணியால் தட்டிவிட்டு, சட்டையை உதறாமல் கழற்றி, அதன் பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். வியர்த்த உடம்பில் தூள் ஏற்கெனவே ஒட்டிக் குழைந்திருந்தால் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அது ஈரக் கலவைதான், நேரே தண்ணீர். கண்ணில் பட்டால் எந்தக் கணக்கும் பார்க்காமல் அந்த நொடியே கழுவத் தொடங்க வேண்டும்.

அவர் மறுபடி வேலைக்குப் போகும்போது முழங்காலுக்குக் கீழே சாக்கு போடக்கூடாது. அது காரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பலகை மேல் தண்ணீர் புகாத ரப்பர் ஷீட் போட்டு மண்டியிடட்டும். துணிக் கையுறைக்குப் பதில் ரப்பர் கையுறை. பேன்ட்டைக் கம்பூட்டுக்குள் செருகாமல் வெளியே விடட்டும். பூட்டுக்குள் கலவை இறங்கிவிட்டால் தளம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, உடனே கழற்றிக் காலைக் கழுவ வேண்டும்.